குலசேகரன்பட்டினம்: கடலுக்குப் போகிறவர்களையும் கவனியுங்கள்

ஆசிரியருக்கு,

ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து பூமியின் இரு துருவங்களுக்கும் மேலாகச் சுற்றும் துருவப் பாதைக்குக் கிளம்பும் ராக்கெட், இலங்கைக்கு மேலே பறக்காமல் இருக்க வளைந்து போகிறது. அதில் எரிபொருள் வீணாகிறது. பெரிய ராக்கெட்டான பி.எஸ்.எல்.வி. அதைத் தாங்கிக்கொள்ளும், சுமார் 500 கிலோ மட்டுமே சுமக்கும் சிறிய ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி.க்குக் கட்டுப்படியாகாது. குலசேகரன்பட்டினத்தில் இருந்து நேராகத் தெற்கே விடலாம். 2024 பிப்ரவரியில் அங்கே ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

சரி, ஏவும் நாளில் பக்கத்து ஊரான மணப்பாடு மீனவர்கள் என்ன செய்வார்கள்? பாதுகாப்புக்காகக் கடலுக்குப் போகாதே என்பது நியாயம்தான். ஆனால் வானிலையால் ஏவுதல் தள்ளிப்போனால் மறுநாளும் தொழில் போச்சு. டீசலும் ஐஸும் வாங்கி வைத்தவருக்கு அது கைநஷ்டம். தேதியை முன்கூட்டியே மீன் ஏலக்கூடத்தில் ஒட்டட்டும். முடங்கும் நாளுக்கான நிவாரணத் தொகையை, முதல் ராக்கெட் கிளம்பும் முன்பே அரசு அறிவிக்கட்டும்.

– வாசகர், திருச்செந்தூர்