யார் கொடுத்த சம்மதம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில், நைஜீரியா–கேமரூன் எல்லையில் இருக்கும் பக்காசி தீபகற்பம் பற்றிய கட்டுரையில், “1913-ல் சம்பந்தப்பட்ட தரப்புகளின் சம்மதத்துடன் எல்லை முடிவானது” என்று ஒரு வரி. உங்களுக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் கேட்கிறேன். லண்டனில் கையெழுத்துப் போட்டவை, அன்று நைஜீரியாவை வைத்திருந்த பிரிட்டனும் கேமரூனை வைத்திருந்த ஜெர்மனியும். பக்காசியில் மீன்பிடித்துக்கொண்டிருந்தவர்கள் சம்பந்தப்படாதவர்களா?

எண்பதுகளின் தொடக்கத்தில் நான்கு வருடம் நைஜீரியாவின் கலபாரில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவன் நான். (கடைசி ஐந்து மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை, அது வேறு கதை.) பக்காசியிலிருந்து வந்து உறவினர் வீட்டில் தங்கிப் படித்த எஃபிக் இனப் பையன் ஒருவன், தேர்வில் தன் ஊரை நைஜீரியாவுக்குள் வரைந்தான். முழு மதிப்பெண் போட்டேன். 2002-ல் ஹேக் சர்வதேச நீதிமன்றம், பக்காசி கேமரூனுக்கே என்று 13-க்கு 3 வாக்கில் அதை அடித்துவிட்டது.

1884 செப்டம்பரில் பழைய கலபார் (கலபாரின் அன்றைய பெயர்) அரசர்களும் தலைவர்களும் விக்டோரியா ராணியோடு செய்துகொண்டது பாதுகாப்பு ஒப்பந்தம். நிலத்தை யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. பிரிட்டனுக்குத் தெரியாமல் வேறு நாட்டுக்கு அவர்கள் ஒரு கடிதம்கூடப் போடக் கூடாது என்று அதில் நிபந்தனை. பிரிட்டன் மட்டும் அவர்களுக்குத் தெரியாமல் ஜெர்மனிக்குப் பக்காசி நிலத்தையே விட்டுக்கொடுக்கலாம்! தன்னிடம் இல்லாததை ஒருவர் எப்படிக் கொடுக்க முடியும் என்றுதான் நைஜீரியா வாதாடியது. அன்றைய சட்டப்படி பிரிட்டனுக்கு அதிகாரம் உண்டு என்றது நீதிமன்றம். அன்றைய சட்டம் யார் வகுத்தது என்று கேட்டால் கட்டுரையாளர் கோபித்துக்கொள்வார்.

அப்புறம், ஆப்பிரிக்கா என்றாலே உங்களுக்கு “ஸ்கேல் வைத்துக் கிழித்த கோடு” வந்துவிடுகிறது. இங்கே கோடு அக்வயாஃபே ஆற்றோடு போகிறது, ஐயா. போன வருடம் கலபாரைக் கேமரூனுக்குள் வைத்துப் படம் போட்டீர்கள். அதற்கு நான் எழுதிய கடிதத்தில் பாராட்டிய இரண்டு வரியை மட்டும் பிரசுரித்தீர்கள். பெருந்தன்மைக்கு நன்றி.

2008 ஆகஸ்டில் பக்காசியைக் கேமரூனிடம் ஒப்படைக்கும் சடங்கைக் கலபாரிலேயே நடத்தினார்கள். அப்போதும் பக்காசியில் இருந்தவர்களிடம் வாக்கெடுப்பு கிடையாது. அந்தப் பையனுக்கு நாற்பது வயதாவது ஆகியிருக்கும்.

சரி, நான் கேட்பது ஒரு திருத்தம். “சம்பந்தப்பட்ட தரப்புகளின்” என்பதை எடுத்துவிட்டு “பிரிட்டன், ஜெர்மனியின்” என்று போடுங்கள். அதே இரண்டு சொல்தான். இடமில்லை என்று சொல்ல மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியர்,
கும்பகோணம்