2024–25 ஆண்டறிக்கை: தேவாலய முற்றத்துச் சிலுவை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகசபை உறுப்பினர்களே, அங்கத்தவர்களே, வணக்கம்.

வழமையான விடயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். பொங்கல் விழாவும் கலைவிழாவும் மூத்தோர் ஒன்றுகூடலும் குறைவின்றி நடந்தன. கணக்கு விபரம் பொருளாளரின் அறிக்கையில் இருக்கிறது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு மண்டபம் எடுப்பது இன்னும் இழுபறிதான். இந்த ஆண்டு நம்மை அதிகம் கதைக்கவைத்தது அந்த மண்டபத்துக்குப் பக்கத்தில், பங்குத் தேவாலய முற்றத்தில் நிற்கும் போர் நினைவுக் கற்சிலுவை. மிகுதி அறிக்கை அதைப் பற்றியது.

போரில் இறந்தவர்களை நினைவுகூரும் நவம்பர் நினைவு ஞாயிறுக்குக் குருவானவர் நம்மையும் அழைத்திருந்தார். மலர்வளையம் வைத்துவிட்டு வந்த அன்றே ஒரு யோசனை கிளம்பியது: "சிலுவை கறுத்துப்போய்க் கிடக்கிறது, ஒரு ஞாயிறு எல்லாரும் சேர்ந்து கழுவிவிடுவோம், பிரஷர் வாஷர் என்னிடம் இருக்கிறது." நல்ல மனதோடு சொன்னதுதான். நிர்வாகசபையும் ஆமோதித்தது. ஆனால் மறைமாவட்ட அனுமதி இல்லாமல் கல்லில் கைவைக்க முடியாது என்று தேவாலயத்திலிருந்து பதில் வந்தது. கழுவுவதற்கும் அனுமதியா என்று சிலருக்குக் கோபம். விசாரித்துப் பார்த்தபின் அனுமதி கேட்பதுதான் சரி என்று எனக்குப் பட்டது. இது போர்ட்லாந்துக் கல், அதாவது சுண்ணாம்புக் கல். மழை படும் பக்கம் வெளுக்கும், படாத பக்கம் கறுக்கும். அது அந்தக் கல்லின் இயல்பு. அமிலம் கலந்த துப்புரவுத் திரவம் பட்டால் கல்லே கரையும். கம்பித் தூரிகையும் வேகத் தண்ணீரும் அழுக்கோடு கல்லின் மேல்தோலையும் எடுத்துவிடும். பெயர்களோ அந்த மேல்தோலில்தான் வெட்டப்பட்டிருக்கின்றன.

கோடைச் சுற்றுலாவுக்குக் கடற்கரை வேண்டாம், சர்ரேயில் கோடல்மிங்குக்குப் பக்கத்திலுள்ள பஸ்பிரிட்ஜுக்குப் போவோம் என்று முடிவானதும் இதனால்தான். பிள்ளைகள் முணுமுணுத்தார்கள், அது வேறு கதை. அங்கே புனித யோவான் ஸ்நானகர் தேவாலய முற்றத்தில் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் எட்வின் லட்யன்ஸ் வடிவமைத்த போர் நினைவுச் சிலுவை நிற்கிறது. 1922இல் திறக்கப்பட்டது. உயரமான மெல்லிய தண்டு, உச்சிக்குக் கிட்ட குட்டையான கைகள், வேறு அலங்காரம் கிடையாது. லண்டனின் செனோடாப் போர் நினைவுச்சின்னம், டெல்லி இந்தியா கேட் எல்லாம் இவர் வடிவமைத்தவைதான். கொழும்பு விகாரமகாதேவி பூங்காவில் நிற்கும் நினைவுத்தூணும் இவருடையது என்றதும் நமது மூத்தவர்களின் முகம் மாறியது. முதலில் காலிமுகத்திடலில் இருந்த அந்தத் தூண், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியத் தாக்குதலுக்குப் பயந்து கழற்றப்பட்டு, பிறகு பூங்காவில் எழுப்பப்பட்டது.

இங்கிலாந்தில் லட்யன்ஸின் 44 போர் நினைவுச்சின்னங்கள் 2015இல் தேசியத் தொகுதியாக அங்கீகரிக்கப்பட்டன. பஸ்பிரிட்ஜ் சிலுவை, பாதுகாக்கப்படும் கட்டடங்களின் பட்டியலில் நட்சத்திரக் குறியோடு இரண்டாம் தரம் (Grade II*) பெற்றது. நமது பக்கத்துச் சிலுவைக்கு அப்படிப் பெரிய பெயர் எதுவும் இல்லை. அதனால் மதிப்புக் குறைவு என்று யாரும் சொன்னால் நான் ஒப்பமாட்டேன். முதலாம் உலகப் போர் நடக்கும்போதே, இறந்தவர்களின் உடலை ஊருக்குக் கொண்டுவர அரசு தடை விதித்தது. பணக்காரர், ஏழை எல்லாருக்கும் ஒரே சட்டம். போர் முடிந்தும் தடை விலகவில்லை. பிரான்சுக்குப் போய்வர வசதியில்லாத தாய்க்குத் தொட்டு அழ ஊரில் இருந்தது இந்தக் கல் மட்டுந்தான். ஊரார் காசு சேர்த்துத் தேவாலய முற்றங்களில் இவற்றை நட்டதற்கு அதுவே காரணம்.

கழுவும் திட்டத்தைக் கைவிட்டு, தமிழ் வகுப்பின் பெரிய பிள்ளைகளை வைத்துப் பெயர்களைப் பதிவு செய்தோம். மாலையில் டோர்ச் லைட்டைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், மங்கிப்போன எழுத்தும் நிழல் கட்டித் தெரிகிறது. ஒரே குடும்பப் பெயர் இரண்டு தடவை வரும் இடத்தில் பிள்ளைகள் தாமாகவே நின்றார்கள். இரண்டாம் போரில் இறந்தவர்களுக்கு மேலே இடமில்லாமல் அடிப்படியில் நெருக்கி வெட்டியிருக்கிறார்கள். இன்னொரு போர் வரும் என்று முதலில் கட்டியவர்கள் எண்ணவில்லை. பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலோடு ஒப்பிட்டபோது, சிலருக்குக் கல்லறையே இல்லை, பிரான்சிலுள்ள தியப்வால் நினைவுச்சின்னத்தின் சுவரில் பெயர் மட்டும் இருக்கிறது என்று தெரிந்தது. உடல் கிடைக்காத 72,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர் தாங்கும் அந்த நினைவுச்சின்னத்தையும் லட்யன்ஸ்தான் வடிவமைத்தார்.

இனி நடக்க வேண்டியது. படிக்கற்களின் இடுக்கில் யாரோ எப்போதோ சீமெந்து பூசியிருக்கிறார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லின் ஓரங்கள் உதிர்கின்றன. அதை எடுத்துச் சுண்ணாம்புச் சாந்து வைக்க, தேவாலயம் மறைமாவட்டத்திடம் விண்ணப்பித்திருக்கிறது. சங்கத்தின் பங்களிப்பு பற்றிய தீர்மானம் இன்றைய நிகழ்ச்சிநிரலில் உள்ளது, ஆதரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அப்புறம் ஒரு சின்ன வேண்டுகோள்: நினைவு ஞாயிறன்று படியில் ஏற்றிய அகல்விளக்கின் எண்ணெய் கல்லுக்குள் இறங்கி, கையகலக் கறை இன்னும் போகவில்லை. அடுத்த முறை விளக்கேற்றுபவர்கள் ஒரு தட்டத்தில் வைத்து ஏற்றி, போகும்போது எடுத்துச் செல்லுங்கள்.

இவ்வண்ணம்,
செயலாளர்