ஜூன் 30-க்கு முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே கோலாலம்பூரில் எல்லாரும் சுகம். அப்பாவுக்கு இனிப்பு நீர் கட்டுக்குள் இருக்கிறது, ஆனால் கால் வலி என்று சொல்லி டென்னிஸ் கோர்ட் பக்கமே வருவதில்லை. தம்பி கல்யாணம் நவம்பரில். மண்டப வேலையைப் பெரியம்மா எடுத்துக்கொண்டார், அதனால் மற்றவர்கள் வாய் திறக்க வழியில்லை. மீதிச் செய்தி கடைசியில்.

நீ அனுப்பும் கட்டைவிரலும் இதயமும் வந்து சேருகின்றன. பேச்சுதான் வருவதில்லை. வேலை நேரத்தில் போன் அடித்துத் தொந்தரவு செய்ய வேண்டாமே என்று எழுதுகிறேன். உங்கள் கல்லூரிப் பெண்கள் டென்னிஸ் அணியின் பக்கத்தை இணையத்தில் பார்த்தேன். ஹெட் கோச் படம் இருந்த இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை. உதவி கோச் என்று உன் படம் இருக்கிறது, முடி வெட்டுவதற்கு முன் எடுத்த பழைய படம். அதைப் பற்றி நான் எதுவும் கேட்கப் போவதில்லை. சீசனைப் பற்றித்தான் எழுத நினைத்தேன்.

டபிள்ஸ் புள்ளியை இந்த வருடம் ரொம்ப விட்டுவிட்டீர்கள். அங்கே அமெரிக்காவில் பகல் ஒரு மணி ஆட்டம் என்றால் இங்கே விடியற்காலை இரண்டு மணி. கண்ணைக் கசக்கிக்கொண்டு லைவ் ஸ்கோரைத் திறந்தால் அரை மணி நேரத்தில் 0–1 என்று காட்டுகிறது. உனக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மொத்தம் ஏழு புள்ளி, நான்கு எடுத்தவர் ஜெயம். மூன்று டபிள்ஸில் இரண்டை எடுத்தால்தான் அந்த ஒரு புள்ளி. அது கையில் இருந்தால் ஆறு சிங்கிள்ஸில் மூன்று போதும், இல்லையென்றால் நான்கு வேண்டும். அந்த வித்தியாசத்தின் பாரம் எல்லாம் ஐந்தாவது, ஆறாவது கோர்ட்டில் ஆடும் சின்னப் பிள்ளைகள் தலையில் இறங்குகிறது.

ஆறு கேம் கொண்ட ஒரே செட், அட்வான்டேஜ் கிடையாது. ஆடி ஆடிக் கை சூடாகட்டும் என்று இருந்தால் அதற்குள் 1–4 ஆகிவிடும். ஆகவே ஜோடியில் யாருடைய சர்வ் நம்பகமானதோ அவளே முதலில் போட வேண்டும். வேகமான சர்வ் வேறு, நம்பகமான சர்வ் வேறு. உங்கள் முதல் ஜோடியில் உயரமான பிள்ளை இரண்டாவது சர்வைப் பயந்து தள்ளுகிறாள், எதிரில் நிற்பவள் உள்ளே வந்து அடிக்கிறாள், வலைக்குப் பக்கத்தில் நிற்கும் இவளுடைய ஜோடிக்கு நகரவே நேரமில்லை. முக்கால் வேகத்தில் முதல் சர்வையே உடம்பை நோக்கியோ நடுக்கோட்டுக்கோ போடச் சொல். அப்போது பந்து திரும்பி வரும் கோணம் குறுகும், வலைக்காரி குறுக்கே பாயலாம். 40–40 ஆனால் ஒரே புள்ளியில் கேம் முடிந்துவிடும், எந்தப் பக்கம் நின்று வாங்குவது என்பதை வாங்குகிறவர்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த நேரத்தில் இரண்டு பிள்ளைகளும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்பதை நான் திரையிலேயே பார்த்தேன். எந்த எதிராளிக்கு எந்தப் பக்கம் என்று கோர்ட்டுக்குள் போகும் முன்பே எழுதிக் கொடுத்துவிடு.

பயிற்சிக்கு நேரமில்லை என்பாய். சீசனில் விதிப்படி வாரத்துக்கு 20 மணி நேரம், ஒரு நாளைக்கு நான்குக்கு மேல் கூடாது, ஒரு நாள் முழு ஓய்வு. ஒரு ஆட்ட நாள் எவ்வளவு இழுத்தாலும் கணக்கில் மூன்று மணிதான். வாரக் கடைசியில் இரண்டு ஆட்டம் என்றால் ஆறு போயிற்று. எடைப் பயிற்சிக்கு மூன்று வைத்தால் மீதி பதினொன்று. அந்தப் பதினொன்றில் டபிள்ஸுக்கு நான்கு மணியாவது கொடு. பேஸ்லைனில் நின்று குறுக்கே குறுக்கே அடித்துக்கொண்டிருப்பதைப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். பிள்ளைகளுக்கும் அதுதான் பிடிக்கும்.

பிப்ரவரியில் குளிர் தாங்காமல் பிள்ளைகள் பந்தை வலையில் அடித்ததற்கு மட்டையில் கட்டும் ஸ்ட்ரிங்கும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இங்கே ஜாலான் டூத்தாவில் வெயிலில் பந்து துள்ளும், 52 பவுண்டு இழுவையில் கட்டினாலும் கை ஒத்துக்கொள்ளும். அங்கே குளிரில் பந்து செத்துக் கிடக்கும், பாலியெஸ்டர் ஸ்ட்ரிங் இரும்புபோல் விறைக்கும். இரண்டு பவுண்டு இறக்கிக் கட்டு. அறுந்தால்தான் மாற்றுவது என்ற கணக்கு பாலியெஸ்டருக்கு ஆகாது, அறுவதற்கு ரொம்ப முன்னாலேயே அது உயிரை விட்டுவிடும், பிறகு தோளும் முழங்கையும்தான் வேலை செய்யும். ஒரு ரேக்கெட்டுக்கு 12 மீட்டர் என்றால் 200 மீட்டர் ரீலில் பதினாறுதான் வரும். பத்துப் பிள்ளைகள், ஆளுக்கு மூன்று ரேக்கெட். ஒரு சுற்றுக்கே இரண்டு ரீல் வேண்டும். இதையெல்லாம் கட்டுவது யார், நீதானே? அந்த வேலைக்குத் தனிச் சம்பளமா தருகிறார்கள்?

கேட்க வேண்டாம் என்று நினைத்தேன், வந்துவிட்டது.

சரி, பொதுவாகச் சொல்கிறேன், யாருக்கோ சொல்வதுபோல் வைத்துக்கொள். அங்கே கோச்சுகளின் ஒப்பந்தம் பெரும்பாலும் ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும். ஹெட் கோச் போனால் புதிதாக வருகிறவர் தன் ஆளைக் கூட்டிவருவது வழக்கம். அது உதவி கோச்சின் திறமையைப் பற்றிய தீர்ப்பு ஆகாது. ஆனால் எச்-1பி விசா அந்த வேலையோடு கட்டிப்போட்ட விசா. வேலை நின்ற நாளிலிருந்து அதிகம் போனால் 60 நாள், அதற்குள் வேறு இடம் மனுப் போட்டிருக்க வேண்டும். பல்கலைக்கழகமாக இருந்தால் விசாவுக்குக் குலுக்கல் கிடையாது, வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் போடலாம். தனியார் அகாடமி நல்ல சம்பளம் தருகிறேன் என்று கூப்பிட்டால் அவசரப்பட்டுத் தலையாட்டாதே. அது குலுக்கலுக்குள் வரும், மார்ச்சில் பதிந்து, விழுந்தால் அக்டோபரில்தான் வேலை தொடங்கும். 2025 செப்டம்பரில் வந்த உத்தரவு உனக்கு ஞாபகம் இருக்கும், நாட்டுக்கு வெளியே இருப்பவருக்குப் புதிதாகப் போடும் மனுவுக்கு 100,000 டாலர். எந்தக் கல்லூரி ஒரு டென்னிஸ் கோச்சுக்கு அதைக் கட்டும்? எதுவாக இருந்தாலும் வழக்கறிஞரைக் கேட்டுச் செய். கல்லூரியின் வெளிநாட்டவர் அலுவலகம் கல்லூரிக்காக வேலை செய்கிறது. உனக்கென்று ஒரு வழக்கறிஞர் வேண்டும். காசு போனால் போகட்டும்.

அப்பா இதைப் படித்துவிட்டு, பிள்ளையைப் பயமுறுத்தாதே என்கிறார். நான் பயமுறுத்தவில்லை. ஈப்போ சித்தப்பா எல்லாவற்றையும் கடைசி நாள் வரைக்கும் மறைத்தாரே, அதற்குப் பிறகு நம் வீட்டில் யாரும் அப்படிச் செய்யக் கூடாது என்று தாத்தா சொன்னது உனக்கும்தான்.

சந்தோஷமான விஷயம் ஒன்று. ஏப்ரல் ஆட்டத்தில் ஐந்தாவது கோர்ட் பிள்ளை இரண்டாவது செட்டில் 1–4 இருந்தாளே, பக்கம் மாறும்போது நீ போய் அவள் நாற்காலி பக்கத்தில் குந்தினாய். ஏதோ ஒரே ஒரு வார்த்தை சொன்னாய், எழுந்து போய்விட்டாய். 90 வினாடி இருக்கிறது என்பதற்காக அதை முழுக்கப் பேசி நிரப்புகிற கோச்சுகள்தான் அதிகம். மூன்று விஷயம் சொன்னால் பிள்ளை மூன்றையும் மறந்துவிட்டுப் போய் நிற்கும். நீ சொன்னது ஒன்று, அவள் அடுத்த கேமிலிருந்து பின்கை பக்கமே ஆடினாள். அப்பாவை எழுப்பிக் காட்டினேன். திட்டினார், ஆனால் பார்த்தார்.

அதனால்தான் சொல்கிறேன். 1972-ல் கல்வியில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்ற டைட்டில் 9 சட்டம் வந்தபோது அங்கே கல்லூரிப் பெண்கள் அணிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பெண்களே கோச்சாக இருந்தார்கள். சட்டம் வந்து பணமும் சம்பளமும் வந்ததும் ஆண்கள் வந்தார்கள், பெண் கோச்சுகள் இன்றைக்குப் பாதிகூட இல்லை. பெண்களோ உதவி கோச்சாகவே வருடக்கணக்கில் தங்கிவிடுகிறார்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பெண்கள் டென்னிஸ் அணியில் லெலே ஃபோரூட் பத்தாண்டுக்கும் மேல் ஃபிராங்க் பிரென்னனுக்கு உதவி கோச்சாக இருந்தவர். பிரென்னன் பத்து என்சிஏஏ (கல்லூரி விளையாட்டுச் சங்கம்) பட்டத்தோடு 2000-ல் ஓய்வு பெற்ற பிறகுதான் அந்த இடத்துக்கு வந்தார். அவரும் பத்து பட்டம் வாங்கிக் கொடுத்தார். பொறுமை நல்லதுதான், ஆனால் காலி இடம் என்று ஒன்று இருக்கும்போது விண்ணப்பம் போடாமல் இருப்பதற்குப் பொறுமை என்று பேர் கிடையாது. நீ போட்டாயா இல்லையா என்று நான் கேட்கவில்லை.

ஒருவேளை யாராவது உன்னை ஹெட் கோச் நேர்காணலுக்குக் கூப்பிட்டால், அங்கேயோ வேறு இடத்திலோ, சம்பளத்தை முதலில் பேசாதே. பணம் எங்கே போகிறது என்று கேள். கல்லூரி விளையாட்டாளர்களுக்குப் பணம் தருவது பற்றிய 2025 ஜூன் நீதிமன்ற ஒப்பந்தத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளில் டென்னிஸ் அணிக்குப் பத்துப் பேர்தான் உச்சம். பழைய விதியில் முதல் பிரிவுப் பெண்கள் அணிக்கு எட்டு முழு உதவித்தொகை, பிரித்துக் கொடுக்க முடியாது. இப்போது பத்துப் பேருக்கும் கொடுக்கலாம், பிரித்தும் கொடுக்கலாம். கொடுக்கலாம் என்பதுதான் விதி, கொடுப்பார்கள் என்பது இல்லை. எத்தனை உதவித்தொகைக்கு நிஜமாகப் பணம் இருக்கிறது என்று எழுத்தில் வாங்கு. அமெரிக்கக் காற்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் பணம் ஒதுக்க வேண்டியிருக்கிறது என்று சில கல்லூரிகள் டென்னிஸ் அணியையே மூடிவிட்டன, அதனால் இந்த அணியை எத்தனை வருடத்துக்கு வைத்திருக்க உத்தேசம் என்று நேராகக் கேள். முகம் சுளித்தால் அதுவே பதில்.

அடுத்தது உள்ளரங்கம். ஜனவரி, பிப்ரவரியில் எத்தனை கோர்ட், எந்த நேரம், யாருடையது? நாலு கோர்ட்தான் என்றால் சிங்கிள்ஸ் நாலும் இரண்டுமாகப் போகும், ஆட்டம் ஐந்து மணி நேரம் இழுக்கும், கடைசியில் ஆடுகிற பிள்ளை சாப்பிட்டது செரித்துப் பசித்துப்போய் நிற்கும். வெளி கிளப்பில் வாடகை என்றால் காலை ஆறு மணிதான் கிடைக்கும். பந்தும் செலவுதான். ஒரு ஆட்டத்துக்கு ஒவ்வொரு கோர்ட்டுக்கும் புது டப்பா, மூன்றாவது செட்டுக்கு இன்னொன்று என்று வைத்தால் பதினைந்து வரை போகும், ஒரு பெட்டியில் 24 டப்பாதான். உதவி கோச்சுக்குச் சம்பளம் உண்டா, இல்லை நீயே எல்லாம் செய்ய வேண்டுமா என்பதையும் கேள். மூன்று வருட ஒப்பந்தத்துக்குக் குறைந்து ஒத்துக்கொள்ளாதே. நீ ஆள் சேர்த்து அந்தப் பிள்ளைகள் ஆடி வருவதற்கே இரண்டு வருடம் ஆகும். பள்ளிப் பிள்ளைகளிடம் பேசவே அவர்கள் பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15 வரைக்கும் காத்திருக்க வேண்டும். கல்லூரி மாற நினைப்பவர்கள் பேர் பதியும் போர்ட்டலில் மற்ற கல்லூரியிலிருந்து எடுக்கலாம்தான், ஆனால் அப்படி வந்தவள் அப்படியே போகவும் செய்வாள். பத்துப் பேர் அணியில் ஒருத்தி பாடத்தில் விழுந்துவிட்டுப் போனாலும் ஏபிஆர் என்ற அணியின் படிப்பு மதிப்பெண் இறங்கும். காற்பந்து அணி தாங்கும், நீங்கள் தாங்க மாட்டீர்கள். 930-க்குக் கீழே போயிருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடு.

உதவி கோச் ஹெட் கோச்சானால் விசாத் தாளைத் திருத்த வேண்டியிருக்கும். அதையும் வழக்கறிஞரைக் கேள்.

உன் தோள் எப்படி இருக்கிறது? கூடையிலிருந்து பந்து போடுவதை எல்லாம் ஒரே கையில் செய்யாதே, மட்டையை மேலே தூக்காமல் இடுப்பளவில் போடு. பிள்ளைகளோடு தினமும் ஆடித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. முப்பத்திரண்டு வயதில் முட்டி போனால் நாற்பதில் கோர்ட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார வேண்டியதுதான். பசியாறாமல் காலைப் பயிற்சிக்குப் போகாதே. பிள்ளைகளும் போகக் கூடாது. யாராவது இளைத்துக்கொண்டே வந்தாலோ, மாதவிடாய் நின்றாலோ, உடனே டாக்டரிடம் அனுப்பு. சாப்பாடு போதாத பிள்ளைக்கு எலும்பில் விரிசல் விழும், அதை உள்ளே வைத்துக்கொண்டு ஆடுவாள். ஆண் கோச்சிடம் இதைச் சொல்லக் கூச்சப்படுவார்கள், உன்னிடம் சொல்வார்கள். நீ கேட்டால்.

நவம்பர் கல்யாணத்துக்கு நீ வர வேண்டும் என்றுதான் ஆசை. தம்பி வாய் விட்டுச் சொல்ல மாட்டான், ஆனால் தேதி வைக்கும்போது உன் சீசனைப் பார்த்துத்தான் வைத்தான். வசந்தத்தில் அணி ஆட்டம், ஆகவே வருடக் கடைசி என்று. தனிநபர் என்சிஏஏ ஆட்டம் 2024-ல் நவம்பருக்கு மாறியது என்று அவனுக்குத் தெரியவில்லை, பெரியம்மா அதற்குள் மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டார். எப்படியும் வழக்கறிஞரைக் கேட்காமல் டிக்கெட் போடாதே. வெளியே வந்து உள்ளே போக முடியாமல் நிற்பதைவிட வீடியோவில் பார்ப்பது மேல். இதை நான் சொன்னேன் என்று தம்பியிடம் சொல்லாதே.

கோர்ட்டுமலைப் பிள்ளையாருக்கு அர்ச்சனை வைத்திருக்கிறேன். எதற்கென்று ஐயரிடம் சொல்லவில்லை, உன் பேரும் நட்சத்திரமும் மட்டும் சொன்னேன்.

செந்தூல் அத்தையின் மகள் ஜூலை முதல் வாரம் சிக்காகோ போகிறாள். சாம்பார்ப் பொடி, கருவாட்டுத் தூள், அப்பா வாங்கிய முட்டிப் பட்டை எல்லாம் அவளிடம் கொடுத்துவிடுகிறேன், அங்கிருந்து தபாலில் போடுவாள். கல்லூரி விலாசத்துக்குப் போடச் சொல்லவா, வீட்டு விலாசத்துக்கா, அல்லது வேறு விலாசமா? இதற்கு மட்டும் கட்டைவிரல் போடாமல் எழுதி அனுப்பு.

அம்மா