ஜூன் 5-இல் நடாதீர்கள், எண்ணுங்கள்

அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும் சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பாசிரியர்களுக்கும் வணக்கம்.

நானும் உங்களில் ஒருவன்தான். கடலோர ஊர் ஒன்றின் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மன்றப் பொறுப்பும் பல ஆண்டுகள் என் தலையில்தான். எல்லா ஆண்டும் ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாளன்று மரக்கன்று நட்டோம், பெரும்பாலும் அதே குழிகளில்.

இதைக் கண்டுபிடித்தவள் ஏழாம் வகுப்பு மாணவி. ஃபிளெக்ஸ் கட்டியாயிற்று, விருந்தினர் வந்தாயிற்று. ஒரே கன்றை ஏழெட்டுப் பேர் பிடித்துக்கொண்டு படத்துக்கு நிற்கிறோம். "சார், போன வருஷமும் இதே குழியிலதானே வச்சோம்?" என்றாள். விருந்தினர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 5 என்பது 1972-இல் ஸ்டாக்ஹோமில் ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாடு தொடங்கிய தேதி. நம் ஊர் மழையைப் பார்த்து வைத்த தேதி அல்ல. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்கிறது. கடலோரத்தில் இன்னும் அதிகம். வெயில் தாங்காமல் பள்ளித் திறப்பையே 2023-இல் (6 முதல் 12 வகுப்புகளுக்கு) ஜூன் 12-க்கும், 2024-இல் ஜூன் 10-க்கும் தள்ளி வைத்தார்கள். பிள்ளைகளை வெளியே விடப் பயந்த அதே வெயிலில் முழ உயரக் கன்றை நட்டுவிட்டுப் போகிறோம். குமரி, தென்காசி, நீலகிரிக்காரர்கள் மன்னிக்கவும். உங்களுக்கு ஜூன் சரி.

அந்தக் கேள்விக்கு அப்புறம், எத்தனை கன்று மிச்சம் என்று பிள்ளைகளையே எண்ணச் சொன்னேன். ஒரு கை விரல்கள் போதுமாக இருந்தன. எல்லாம் சத்துணவுத் தட்டு கழுவும் தண்ணீர் ஓடுகிற பக்கம். நான் சொல்லித் தரவில்லை, அவர்களே பார்த்துச் சொன்னார்கள். மண்வெட்டி கேட்டார்கள், வாய்க்கால் வெட்டினார்கள். ஐப்பசி முதல் மழைக்குப் பிறகு அதன் ஓரமாக நட்டோம். எனக்குப் புங்கன் ஆசை. அவர்களுக்குப் பூவரசு, இலையைச் சுருட்டி ஊதலாமே! கிளையில் போத்து வெட்டி ஊன்றினோம். இரண்டை ஆடு தின்றது. மற்றவை பிடித்துக்கொண்டன.

பனையை மறந்துவிடாதீர்கள். ஆவணி, புரட்டாசியில் பழம் விழும்போது விதை பொறுக்க அனுப்பினால் வகுப்பே திருவிழா ஆகிவிடும். குளத்தங்கரையில் புதைத்துவிட்டால் மிச்சத்தை மழை பார்த்துக்கொள்ளும். ஒரு சிக்கல், மறுவாரமே "சார், ஒண்ணும் வரலையே" என்பார்கள். பனையின் முளை முதலில் மண்ணுக்குள் கீழே போகும். ஓலை தலைகாட்ட மாதக்கணக்கில் ஆகும். பொங்கலுக்கு அவித்துத் தின்கிற கிழங்கு அந்த முளைதான் என்று சொல்லி, ஒன்றைத் தோண்டியும் காட்டினேன். விதை முளைத்தல் பாடத்தை அதைவிட நன்றாக நான் நடத்தியதே இல்லை.

நட இடமே இல்லாத பள்ளிகளும் உண்டு. அவர்கள் பொங்கல் விடுமுறைப் பறவைக் கணக்கெடுப்பில் சேரலாம். கால் மணி நேரம் நின்று காக்கை, மைனாவை எண்ணி இபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவுச் செயலியில் ஏற்றினால் போதும். பாடவேளையும் கெடாது.

மே மாதத் தண்ணீருக்கு என்னிடமும் முழு விடை கிடையாது. பள்ளிக்குப் பக்கத்தில் வீடு உள்ள பிள்ளைகளை நம்பித்தான் ஓட்டினோம். ஆளுக்கு ஒரு மரம், ஆறாம் வகுப்பில் தொடங்கிப் பத்தாம் வகுப்பு வரை அதே மரம் என்று வைத்தபோது ஓரளவு நடந்தது. மரத்துக்கு ஒரு நோட்டு. துளிர் விட்டது, பூத்தது, பூச்சி விழுந்தது எல்லாம் அதில் வரும். மதிப்பெண் கிடையாது. மதிப்பெண் வைத்தால் பொய் எழுதுவார்கள். நானே எழுதியிருக்கிறேன், மேலிடத்துக்கு அனுப்பிய படிவத்தில். 'எத்தனை நட்டீர்கள்' என்ற கட்டம் மட்டும்தான் அதில் இருந்தது. 'போன ஆண்டு நட்டதில் எத்தனை இருக்கிறது' என்று யாரும் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை.

அடுத்த சுற்றுச்சூழல் நாளை ஒட்டி, பள்ளி திறந்ததும் பிள்ளைகளிடம் ஒரு நோட்டைக் கொடுத்து அந்தக் கணக்கை எடுக்கச் சொல்லுங்கள். வரும் எண்ணை ஃபிளெக்ஸிலும் போடுங்கள், எவ்வளவு சின்னதாக இருந்தாலும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர்