தண்ணீர் குடிக்காத பிள்ளைகள்

அன்பின் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே பெரும்போக வெட்டுத் தொடங்கிவிட்டது; ஒட்டுசுட்டான் பக்கம் றோட்டோரமெல்லாம் நெல் காய்கிறது. வீட்டில் எல்லோரும் சுகம்.

வகுப்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். இந்த வருடம் எனக்குத் தரம் 2. அதில் ஒரு பெண்பிள்ளை, நன்றாக வாசிப்பாள். ஆனால் பத்து மணி தாண்டினால் பாடத்தில் மனம் நிற்காது. காலோடு கால் பின்னி இறுக்குவாள், குதிக்காலில் குந்துவாள். சில நாள் சட்டை நனைந்துவிடும். பக்கத்துப் பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள். அடுத்த நாள் அவள் வரமாட்டாள்.

தாயைக் கூப்பிட்டுக் கதைத்தேன். "தண்ணிப் போத்தல் குடுத்து விடுறேல்ல ரீச்சர், குடிச்சால் போக வேண்டி வரும்" என்றாள். 2009இல் போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் இருந்தபோது அந்தத் தாய்க்குப் பத்துப் பதினொரு வயது. மலசலகூடத்துக்கு வரிசை, இருட்டினால் போகப் பயம். அடக்கப் பழகியிருக்கிறாள். அதையே மகளுக்கும் பாதுகாப்பு என்று சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அவளைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை.

தாதியான நீ முன்பு சொல்லித் தந்ததை வைத்துத்தான் அவளுக்கு விளங்கப்படுத்தினேன். ஏழு வயதுப் பிள்ளையின் சலப்பை (சிறுநீர்ப்பை) சுமார் 240 மில்லிலீற்றர்தான் கொள்ளும். தண்ணீரைக் குறைத்தால் சலம் கடுமையாகிச் சலப்பையை உறுத்தும், அடிக்கடி முட்டும். மலமும் இறுகி, சலப்பையை நெருக்கும். அடக்கியே பழகிய பிள்ளை போகும்போதும் முழுதாகப் போகாது. மிச்சம் தேங்கினால் கிருமி பிடிக்கும். பெண்பிள்ளைகளுக்குச் சலவழி நீளம் குறைவு என்பதால் இன்னும் சுலபமாகப் பிடிக்கும். இவளுக்கும் சலம் எரிந்திருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் சலம் சோதித்து மருந்து கொடுத்தார்கள்.

ஆனால் மருந்து மட்டும் போதுமா? எங்கள் மலசலகூடக் கதவுக்குக் கொண்டி இல்லை, பல நாள் தண்ணீரும் இல்லை. எந்தப் பிள்ளை அங்கே நிம்மதியாகக் குந்தும்? அதிபரை விடாமல் கேட்டதில் இப்போது கொண்டி, வாளி, சவர்க்காரம் வந்திருக்கின்றன. என் வகுப்பில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எல்லோரையும் அனுப்புகிறேன். இடையில் கேட்டாலும் விடுகிறேன். "விளையாடப் போகத்தான் கேட்குதுகள்" என்று சில ஆசிரியர்கள் சொல்கிறார்கள். சிலர் அப்படியும் போவார்கள்தான். அதற்காக முட்டிக்கொண்டு நிற்கிற பிள்ளையை மறிக்க என்னால் முடியாது. அவளுக்கு இன்னும் இடைக்கிடை நனைகிறது. ஆனால் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காக வருகிறாள், போத்தலும் கொண்டு வருகிறாள்.

இன்னொன்று. இரவில் பாயில் சலம் போகிற பிள்ளைகளை அடிக்கிற வீடுகள் இங்கே இருக்கின்றன. ஐந்து வயதில் 100 பிள்ளைகளில் 15 பேர் வரை அப்படித்தான், வளர வளரக் குறையும் என்று நான் சொன்னால் நம்புகிறார்கள் இல்லை. தாதியாக நீ சொன்னால் கேட்பார்கள். மாசிக் கடைசியில் பெற்றோர் கூட்டம் இருக்கிறது. எந்த அறிகுறிக்கு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதையும் நீயே சொல்லிவிடு. வவுனியாவில் காலை பஸ் எடுத்தால் நெடுங்கேணி வழியாக நேரத்துக்கு வந்துவிடலாம். லீவு கிடைக்குமா என்று உடனே எழுது.

அன்புடன்,
உன் பழைய தோழி