பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லு

திருநெல்வேலி,
யாழ்ப்பாணம்.

அன்பான தம்பிக்கு,

நாங்கள் சுகம். அம்மாவின்ர பிரஷர் மட்டா நிக்குது. சின்னவளின்ர அலுவல் தை பிறந்தாப்பிறகுதான் கதைப்பினம். வேலியோரத்து வேம்பை வெட்டியாச்சு. மிச்சம் பிறகு எழுதிறன்.

நீ அனுப்பின, ஓமான் நாட்டுச் சின்னம் போட்ட பழைய றோலெக்ஸ் மணிக்கூட்டுப் படத்தைப் பெருப்பிச்சுப் பெருப்பிச்சுப் பார்த்தன். "நல்லதோ அப்பா?" எண்டு ஒரு வரி. அதுக்குப் பிறகு மூண்டு கிழமையா உன்ர குரல் இல்லை. வேலை கூட எண்டு நினைக்கிறன்.

ஓமான் சுல்தான் கபூஸ் 1970இல ஆட்சிக்கு வந்தாப்பிறகு லண்டன் அஸ்ப்ரே கடை மூலம் றோலெக்ஸிட்டச் செய்விச்ச பரிசுகள் இந்த மாதிரி மணிக்கூடுகள். டயலில நாட்டுச் சின்னம்: குறுக்க வைச்ச இரண்டு வாள், மேல கன்ஜர் எண்ட வளைஞ்ச குத்துவாள். சிலதில அரபியில அவரின்ர பேரும் இருக்கும். ஓமானின்ர தெற்கில நடந்த டோபார் போரில அவர் பக்கம் நிண்ட பிரித்தானிய ஆக்களுக்கும் குடுத்தவை. உன்ர படத்தில இருக்கிற 1665 சீ-டுவெல்லர், கடலுக்கடியில முக்குளிக்கிறவைக்குச் செய்த மாதிரி, கடையிலயும் வித்த மணிக்கூடுதான். விலையைப் பல மடங்காக்கிறது விரல்நகத்தளவும் இல்லாத அந்தச் சின்னத்தின்ர மை. கள்ளமும் அந்த இடத்திலதான் செய்யினம். கூடு உண்மை, மெஷின் உண்மை, எண் உண்மை, சின்னம் மட்டும் பிறகு வந்தது. நீ எண்ணைச் சரிபார்த்திட்டு நம்பிவிடுவாய், அதுதான் எனக்குப் பயம். பார்க்காமல் காசு அனுப்பாதை.

10 மடங்கு பெருப்பிச்சுக் காட்டுற லூப் கண்ணாடியால, வெளிச்சத்தைப் பக்கவாட்டில பிடிச்சுப் பார். தொழிற்சாலையில அச்சடிச்ச மை விளிம்பு வெட்டின மாதிரி, ஒரே தடிப்பா நிக்கும். கையால கீறினது நடுவில குவிஞ்சு, நுனியில கொழுத்திருக்கும். சின்னத்தைச் சுத்தி வார்னிஷ் மினுக்கம் மாறியிருந்தால் அதில முதல் இருந்த எழுத்தை ஆரோ சுரண்டியிருக்கினம். பிறகு அறையை இருட்டாக்கிப் பார். அந்தக் காலப் பூச்சில இருட்டில ஒளிர வைக்கிறது ட்ரிற்றியம் எண்ட கதிரியக்கச் சாமான், அது 12.3 வருசத்துக்கொருக்கா பாதியாக் குறையும். 50 வருசத்தில 16இல ஒரு பங்குதான் மிஞ்சும். இரவு முழுக்க ஒளிருது எண்டால் பூச்சு புதுசு. டயல் புள்ளியும் முள்ளும் ஒரே மஞ்சளா பழுத்திருக்கோணும். ஒண்டு வெள்ளை, ஒண்டு தேன்நிறம் எண்டால் எங்கயோ மாத்தியிருக்கினம்.

செயினைக் கழட்டினால் 12 மணிப் பக்கத்தில செயின் பூட்டுற காதுகளுக்கிடையில மாதிரி எண்ணும், 6 மணிப் பக்கம் தொடர் எண்ணும் இருக்கும். பின்மூடியைப் பல்லுச் சாவியாலதான் திறக்கோணும், இடுக்கி வைச்சால் விளிம்பு போயிடும். மெஷின் பாலத்தில, சில்லுகளை மேல பிடிச்சிருக்கிற தகட்டில, 1570 எண்டு இருக்கோணும். காதைப் பார்: கூடத் தேய்ச்சுப் பொலிஷ் பண்ணினால் சரிவு மழுங்கி, துளை விளிம்புக்குக் கிட்ட வந்திடும். விக்கிறவர் திறந்து காட்ட மறுத்தால் எழும்பி வா.

கடதாசியும் கேள். பட்டேக் பிலிப் எண்ட மற்றச் சுவிஸ் கம்பனியின்ர மணிக்கூடு எண்டால் அவையின்ர பழைய பதிவிலிருந்து செய்த திகதியும் வித்த திகதியும் எடுக்கலாம், வாங்கினவரின்ர பேர் வராது. றோலெக்ஸ் அப்பிடிக் குடுக்கிறதில்லை. ஆகவே பரிசு வாங்கினவரின்ர கடிதம், அஸ்ப்ரே பெட்டி, பழைய திருத்த பில், இதுகள்தான் சாட்சி. எண்ணுக்கும் பில்லுக்கும் பொருந்தோணும். பெட்டியை மட்டும் தனியா வாங்கலாம், அதை மறக்காதை.

ஏற்கெனவே கையில வந்திட்டால், திருத்தக் குடுக்கும்போது "டயல், முள்ளு மாத்தக்கூடாது, கழட்டின சாமான் எல்லாம் திருப்பித் தரோணும்" எண்டு வேலைத்துண்டில எழுதுவி. டயலில 610 மீற்றர் எண்டு இருந்தாலும் கை கழுவ முன்னம் கழட்டு. பழைய றப்பர் வளையத்தை நம்பேலாது.

ஏழு வயசில மணிக்கூட்டுக்குள்ள இருக்கிற மயிர் மாதிரிச் சுருள், ஹெயார்ஸ்பிரிங்கைச் சாமணத்தால பிடிச்சவன் நீ, ஒரு சுத்தும் கோணாமல். என்ர மணிக்கூடு திருத்துற மேசைக்கு வந்த ஆக்களுக்கெல்லாம் அதைச் சொல்லியிருக்கிறன். அந்தக் கையை வைச்சுக்கொண்டு படத்தைப் பார்த்து வாங்கிறதோ?

ஒண்டு சொல்லோணும். அம்மாவுக்கும் தெரியாது. 80களில மஸ்கட்டில வேலை செய்து வந்த ஒருவர் இதே சின்னத்தோட டேற்ஜஸ்ட் எண்ட றோலெக்ஸ் ஒண்டு கொண்டு வந்தவர், வேலை செய்த இடத்து எசமான் குடுத்ததாம். டயலில ஈரம் பட்டுக் கறை. நான் கழுவி, வெள்ளி பூசுவிச்சு, வாளையும் கன்ஜரையும் ஒரு மயிர்த் தூரிகையால நானே கீறினன். காதையும் தேய்ச்சன். அவருக்குச் சரியான சந்தோசம். கறையோட விட்டிருந்தால் இண்டைக்கு அவரின்ர பிள்ளையளுக்கு ஒரு வீடு கட்டலாம். நான் அதை அழிச்சுப்போட்டுக் கூலியும் வாங்கினன்.

அந்த வாளின்ர நுனி எவ்வளவு முயன்றும் கூராக வரேல்லை, அரிசி முனை மாதிரிக் கொழுத்து நிண்டது. உன்ர படத்தில இடப்பக்க வாளின்ர நுனியும் அப்பிடித்தான் நிக்குது, தம்பி. படத்தை வைச்சு முடிவு சொல்லேலாது. ஆனால் அந்தக் கை எப்பிடிப் போகும் எண்டு எனக்குத் தெரியும்.

கொழும்புத்துறைக் காணிக் காசு உன்ர வங்கியில அப்பிடியே கிடக்குதோ எண்டு அம்மா கேட்கச் சொன்னவ. கிடந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி, ஒருக்கா எடு. நான் ஏச மாட்டன். இஞ்ச இரவு ஏழு மணிக்கு ரொறன்ரோவில விடிஞ்சிருக்கும். ஃபோனைப் பக்கத்திலதான் வைச்சிருக்கிறன்.

அன்புடன்
அப்பா