எங்கள் வாக்கெடுப்பை மதியுங்கள்

மதிப்பிற்குரிய கல்லூரி நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். கல்லூரி தரும் நிதி எந்தத் தொண்டு அமைப்புக்குப் போக வேண்டும் என்று மாணவர்களே படித்து முடிவெடுக்கும் கொடை வகுப்பின் முடிவில் என்ன நடந்தது என்பது உங்களுக்கே தெரியும். நாங்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த அமைப்புக்குப் போக வேண்டிய நிதியை வேறொரு பெரிய அமைப்புக்குக் கொடுத்துவிட்டீர்கள். காரணம் இன்றுவரை சொல்லவில்லை. எங்கள் முடிவை நிறைவேற்றுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

அமைப்புகள் நிதி கேட்டு அனுப்பிய 11 விண்ணப்பங்களை ஒரு செமஸ்டர் முழுக்கப் படித்தோம். தணிக்கை அறிக்கை என்றால் என்னவென்றே தெரியாமல்தான் தொடங்கினோம். நிர்வாகச் செலவு அதிகம் என்று ஆரம்பத்தில் சிலவற்றை ஒதுக்கினோம். அப்புறம்தான் புரிந்தது, அந்த ஒரு வரிக்குள் வாடகை இருக்கிறது, கணக்கு எழுதுபவரின் சம்பளம் இருக்கிறது. நன்கொடையாளர்கள் தரத் தயங்கும் பணம் அதுதான். பெரிய அமைப்புகளில் விண்ணப்பம் எழுதவே தனி ஆள் உண்டு. சிறிய அமைப்பில் பகலெல்லாம் பாடம் சொல்லிக்கொடுப்பவரே இரவில் உட்கார்ந்து அதையும் எழுதுகிறார். இதையெல்லாம் பேசி, சண்டை போட்டு, மனம் மாறித்தான் வாக்களித்தோம்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது காது கேளாத பிள்ளைகளுக்கான ஒரு மாலை வகுப்பை. அதை நடத்தும் அம்மாவுக்கு நான்தான் போனில் நல்ல செய்தி சொன்னேன். மூன்று நாள் கழித்து, பணம் வராது என்று சொன்னதும் நான்தான். நிர்வாகத்திலிருந்து யாரும் அவரை அழைக்கவில்லை. அதற்குள் அவர் ஒரு சைகைமொழி ஆசிரியரை வரச் சொல்லியிருந்தார். “பரவாயில்லைம்மா, நீ நல்லா படி” என்றார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அமெரிக்காவின் வடக்குக் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் இப்படிப்பட்ட வகுப்புகள் 20 ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கின்றன. அமெரிக்கக் கொடையாளர் டோரிஸ் பஃபெட் தொடங்கிய அறக்கட்டளை இதற்கென்றே பல கல்லூரிகளுக்குப் பணம் கொடுத்தது. உண்மையான பணத்தை மாணவர் கையில் கொடுத்து, யாருக்குப் போக வேண்டும் என்று அவர்களையே முடிவெடுக்க விடுவதுதான் இந்தப் படிப்பின் உயிர். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மதிப்பெண் மட்டும்தான். நூலக நேரம், தேர்வு அட்டவணை என்று எல்லாவற்றுக்கும் எங்கள் கருத்தைக் கேட்கிறீர்கள். முடிவு மட்டும் முன்பே எடுத்தாகிவிடுகிறது. பிறகு மாணவர்களுக்குச் சமூக அக்கறை இல்லை என்று மேடையில் வருத்தப்படுகிறீர்கள்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வாக்கெடுப்பின்படி அந்த மாலை வகுப்புக்கு நிதி கொடுங்கள். கொடுத்த பணத்தைத் திரும்பப் பெற முடியாது என்றால் அடுத்த செமஸ்டர் நிதியிலிருந்தாவது கொடுங்கள். அந்த அம்மாவை உங்களில் ஒருவர் தயவுசெய்து இந்த வாரமே அழைத்துப் பேசுங்கள்.

பணிவுடன்,
கொடை வகுப்பு மாணவி